சுபாவுக்கு, மச்சாள்ட றிப்போட் பத்தி

சுபா,

எப்பிடிகா இரிக்காய்? உன்ட வொய்ஸ் மெசேஜ் எல்லாம் கேட்டன், றிப்போட் போட்டோவும் பெருசாக்கிப் பாத்தன். போன்ல சொல்லப் போனா நீ இடையில இடையில கேள்வி கேட்டு என்னையும் குழப்பிப்போடுவாய், அதான் எழுதுறன், ஆறுதலா இருந்து வாசி. இஞ்ச வெள்ளாம வெட்டு தொடங்கிட்டு, படுவான்கரைப் பக்கம் போனா றோட்டோரம் முழுக்க நெல்லுதான் காயுது. மகன் ஏ.எல். பயோ செய்யுறான், படிக்கிறானோ போன் நோண்டுறானோ கடவுளுக்குத்தான் தெரியும். வேற புதினம் ஒண்டும் இல்ல.

மறுகா நீ கேட்டதுக்கு வாறன். மச்சாள் மார்புல கட்டி இரிக்கெண்டு தெரிஞ்சும் ஆருக்கும் சொல்லாம இருந்திட்டா, அதாலதான் சாதாரணமா இருந்தது முத்திப் பொல்லாத கான்சரா மாறிட்டெண்டு மாமி வாறவன் போறவன் எல்லாருக்கும் சொல்லி அழுறாவாம், அது உண்மையா எண்டு கேட்டாய். பாதிதான் உண்மை. பிழையான பாதியத்தான் முதல்ல சொல்லோணும், அதத்தான் மச்சாள் நெஞ்சுக்குள்ள வெச்சுக் குமைஞ்சுக்கிட்டிரிக்கா.

நாம எல்லாரும் நினைக்கிறது, முதல்ல பால்குழாய்க்குள்ள செல் கொஞ்சம் பிசகும், பிறகு அதுக்குள்ளயே கான்சராகும், பிறகு குழாய உடைச்சு வெளிய வரும், ஒவ்வொரு படிக்கும் செல் இன்னும் கெட்டுக்கிட்டே போகும் எண்டு. ஒரு ஆள்ட செல் எல்லாத்துலயும் கிட்டத்தட்ட ஒரே ஜீன்தான் இரிக்கு, எந்த ஜீன் எவ்வளவு வேலை செய்யுது எண்டதுலதான் செல்லுட குணம் தெரியும், அத அளக்கலாம். 2003ல பொஸ்டன்ல ஒரு குழு மார்புத் துண்டுகள்ல இருந்து ஒவ்வொரு படிச் செல்லையும் லேசரால வேற வேறயாப் பிரிச்செடுத்து அளந்து பாத்தாங்க. படிக்குப் படி பெரிய மாற்றம் தெரியும் எண்டுதான் ஆரும் எதிர்பாப்பாங்க, ஆனா குழாய்க்குள்ள இருந்ததும் வெளிய வந்ததும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. பெரிய மாற்றமெல்லாம் அந்த முதல் பிசகுலயே வந்து முடிஞ்சிரிக்கு. வித்தியாசம் காட்டினது கிரேட், அதாவது கான்சர் செல் சாதாரணச் செல்லுல இருந்து எவ்வளவு மாறித் தெரியுது எண்டுற நம்பர், 1 சாது, 3 பொல்லாதது. கிரேட் 1க்கு ஒரு கோலம், கிரேட் 3க்கு வேற கோலம், அது குழாய்க்குள்ள இருக்கக்குள்ளயே தெரியுது. கிரேட் 3ல கூடி ஓடுற ஜீன் சிலது வெளிய வரக்குள்ள இன்னும் கூடுது எண்டதும் கண்டவங்க, அதால ஒண்டுமே மாறல்லெண்டும் சொல்லேலா. ஆனா சாதுவா இருந்தது பிந்தினதால பேயாகிட்டு எண்டுற கதை பெரும்பாலும் சரியில்ல. மச்சாள்ட கட்டிட குணம் அவ தொட்டுப் பாக்கிறதுக்கு முன்னமே ஏறக்குறைய முடிவாகியிரிக்கும்.

அப்ப என்னதான் மாறுது எண்டு கேப்பாய். லெப்ல நான் தினமும் பாக்கிறது இது. மெழுகுக் கட்டிக்குள்ள பதிச்ச துண்ட மைக்ரோடோம்ல சீவுவம், கண்ணுக்குத் தெரியாத மெல்லிசு, இளஞ்சூட்டுத் தண்ணியில ரிப்பன் மாதிரி மிதக்கும், அத ஸ்லைட்டால அள்ளி எடுக்கோணும், மூச்சு விட்டாலும் சுருண்டுபோகும். பால்குழாயச் சுத்தி வெளிப்பக்கம் ஒரு வரிசைச் செல் இரிக்கு, வளவைச் சுத்தி வேலி இரிக்கிற மாதிரி. பி63 எண்டு ஒரு ஸ்டெயின் போட்டா அந்த வரிசை மட்டும் மண்ணிறப் புள்ளியா வட்டமாத் தெரியும். வட்டம் இரிக்கெண்டா கான்சர் இன்னும் உள்ளுக்குத்தான், வட்டம் இல்லாம செல் சுத்தியிரிக்கிற இழையத்துக்குள்ள சிதறிக் கிடந்தா வெளிய வந்திட்டு. இந்த வட்டத்துலயும் சுத்தியிரிக்கிற இணைப்பு இழையத்துலயும்தான் ஜீன் மாற்றம் நல்லாத் தெரியுதாம். 2009ல வந்த ஆராய்ச்சியில, வெளிய வந்த கட்டியச் சுத்தின இழையத்துல எம்எம்பி எண்டுற என்சைம் ஜீன்கள் கூடியிருந்திச்சு, அதுகள்தான் இழையத்த அரிச்சு வழி விடுறது. குற்றவாளிய மட்டும் பாத்துக்கிட்டிருந்தம், அக்கம்பக்கத்தான் கைகுடுத்தத ஆரும் கவனிக்கல்ல.

மச்சாளுக்கு கிரேட் 2 எண்டு இரிக்கு. நடுவுல நிக்கிற நம்பர், எனக்கும் பிடிக்கிறல்ல. 2006ல பிரசல்ஸ்ல 97 ஜீன வெச்சுப் பாத்தப்ப கிரேட் 2ல கனக்கக் கட்டி 1 மாதிரியோ 3 மாதிரியோதான் நடந்துகொள்ளுதெண்டு கண்டுபிடிச்சாங்க. அந்த மாதிரி ஜீன் டெஸ்ட் எல்லாம் இஞ்ச லேசில கிடைக்காது, விலையும் நம்மட சம்பளத்துக்குக் கட்டாது. அதால கேஐ 67 எத்தின வீதம் எண்டு டொக்டரிட்டக் கேளுங்க, செல் எவ்வளவு வேகமாப் பிரியுதெண்டு அதுல ஒரு அளவுக்குத் தெரியும். ஈஆர், அதாவது ஈஸ்ட்ரஜன் ஹோமோன் வந்து ஒட்டுற இடம், பொசிட்டிவ் எண்டு போட்டிரிக்கு, 8 புள்ளிக்கு 7, அது நல்ல சேதி. டமொக்சிபன் மாதிரி ஹோமோன் குளிசைக்கு அடங்குற வகை. குறைஞ்சது 5 வருஷம் போடோணும், இடையில மாமி கைமருந்து ஏதும் குடுத்துக் குளிசைய நிப்பாட்ட விடாத.

மாமி சொன்னதுல உண்மையான பாதியையும் சொல்லத்தானே வேணும். பிந்தினா குணம் மாறாட்டியும் தூரம் மாறும். கமக்கட்டு நெறிக்கு, அதான் நிணநீர்க் கணுவுக்கு எட்டிட்டா, அங்கால போயிட்டா எண்டது நாள் போகப் போகத்தான் கூடுது, கட்டி சின்னனா இருக்கக்குள்ள எடுத்திருந்தா வைத்தியமும் சின்னனா முடிஞ்சிரிக்கலாம். உனக்கும் 35 தாண்டி எவ்வளவு காலம், எம்ஓஎச் எண்டுற சுகாதார வைத்திய அதிகாரி ஒபிசுல பொம்பிளைகளப் பரிசோதிக்கிற வெல் வுமன் கிளினிக் வைக்கிறாங்க, ஒரு நாளைக்கு லீவு போட்டுட்டுப் போகா.

இனி முக்கியமான விசயம். றிப்போட்டுல ஹெர்2, அதாவது செல்ல வளரச் சொல்லித் தூண்டுற ஒரு புரதம், 2+ எண்டு இரிக்கு, நீ அத பொசிட்டிவ் எண்டு நினைச்சுப் பயந்திட்டாய். 3+ தான் பொசிட்டிவ், 0வும் 1+ உம் நெகட்டிவ், 2+ எண்டா முடிவு சொல்லேலாது எண்டு அர்த்தம். அதுக்கு பிஷ் எண்டு இன்னொரு டெஸ்ட் செய்யோணும், 17ம் குரோமோசோம்ல இரிக்கிற அந்த ஜீன் எத்தின கொப்பி ஆகியிரிக்கெண்டு எண்ணிப் பாக்கிறது. பொசிட்டிவா வந்தா ஹெர்2வக் குறிவெச்சு அடக்குற டிராஸ்டுசுமாப் ஊசி குடுப்பாங்க, நெகட்டிவா வந்தா அது தேவையே இல்ல, அதால இது தெரியாம கீமோ தொடங்க அவசரப்பட வேணாம். திரும்பக் குத்தி எடுக்கத் தேவையில்ல, பழைய மெழுகுக் கட்டியே போதும். றிப்போட்டுல இரிக்கிற லெப் நம்பர எழுதிக்கொண்டு போய், பிஷ்ஷுக்கு அனுப்பியாச்சா எண்டு வாய் திறந்து கேளுங்க. கிளினிக்குக்கு நீயும் கூடப் போ. மாமிய வீட்டுல விட்டுட்டுப் போ.

அன்புடன்
ரதி