சுண்டுவிரலுக்கு ஏற்ற கீபோர்ட்

ஹட்டன்,
ஞாயிறு மாலை.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் புதன்கிழமை கிடைத்தது. கடைசி இரண்டு பக்கமும் கோழி கிளறின மாதிரி இருந்ததே, அதிலேயே மணிக்கட்டு வலி எவ்வளவு என்று புரிந்துவிட்டது. இங்கே நாலு நாளாக மூடுபனி விலகவில்லை. துவைத்த துணியெல்லாம் அடுப்படியில் தொங்குகிறது. எந்தச் சட்டையைப் போட்டாலும் விறகுப் புகை மணம். சின்னவளுக்கு மஸ்கெலியாப் பக்கம் ஆசிரியர் நியமனம் கிடைத்திருக்கிறது. அதை நேரில் சொல்கிறேன், கதை பெரிது.

சரி, கீபோர்ட் விஷயம். மெக்கானிக்கல் வாங்கினால் வலி போய்விடுமா என்று கேட்டிருந்தாய். வலியை டாக்டரிடம் காட்டு, கீபோர்ட் மருந்தில்லை. ஆனால் நாள் முழுக்கத் தமிழ் தட்டுகிறவனுக்கு, அதுவும் பழைய டைப்ரைட்டர் வரிசையை ஒட்டிய பாமினி முறையில் தட்டுகிறவனுக்கு, எது சுகம் என்று கேட்டால் சொல்வேன். மூன்று தடவை காசைக் கரைத்துப் படித்த பாடம்.

போன வாரம் கடையில் கிடந்த பழைய ரப்பர் கீபோர்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். எல்லாச் சாவியும் கொஞ்சம் தேய்ந்திருந்தது. அரைப்புள்ளிச் சாவி மட்டும் நல்லெண்ணெய் தடவின மாதிரிப் பளபளவென்று மின்னியது. நமக்கு அதுதானே மெய்யெழுத்துப் புள்ளி. 'தமிழ்' என்று தட்டிப் பாரேன்: ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. ஐந்தும் வலது கை. அதில் பி-யில் விழுகிற மேல்விலங்கும் ('மி'யின் கொக்கி) புள்ளியும் சுண்டுவிரல் தலையில். இங்கிலீஷ் தட்டுகிறவனுக்கு அந்த விரல் பாதி நேரம் சும்மா கிடக்கும். நமக்கோ இருக்கிற விரல்களில் நோஞ்சான்தான் அதிகம் சுமக்கிறது. 'ய ள ன க' தட்டிப் பழகிய காலத்தில் நீ சுண்டுவிரலுக்குப் பதில் மோதிர விரலை நீட்டி மாஸ்டரிடம் ஸ்கேலால் வாங்கினாயே, ஞாபகம் இருக்கிறதா? இப்போது நினைத்தால் நீ செய்ததில் நியாயம் இருந்திருக்கிறது.

தமிழ் 99 என்ற இன்னொரு கீபோர்ட் முறை பழகியவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அவர்களுக்குப் புள்ளி எஃப் சாவியில், இடது ஆள்காட்டி விரலில் விழுகிறது. இந்த வயதில் விரலுக்கு மறுபடி அரிவரி சொல்லிக்கொடுக்க எனக்குத் தெம்பில்லை.

நாம் இதுவரை தட்டிய சாதாரண கீபோர்டில் சாவிக்குக் கீழே ரப்பர். அடிவரை அமுக்கினால்தான் எழுத்து விழும். மெக்கானிக்கலில் ஒவ்வொரு சாவிக்கும் ஸ்பிரிங் வைத்த தனி சுவிட்ச். வழக்கமான ரகத்தில் சாவி 4 மில்லிமீட்டர் இறங்கும், ஆனால் 2 மில்லிமீட்டரிலேயே எழுத்து விழுந்துவிடும். பாதியில் விரலைத் தூக்கப் பழகினால்தான் லாபம். முதல் மாதம் நான் டைப்ரைட்டரில் அடிக்கிற மாதிரி அடிவரை குத்திக்கொண்டிருந்தேன், வலி அப்படியேதான் இருந்தது.

சுவிட்சுக்கு நிறத்தை வைத்துத்தான் பெயர். செர்ரி என்ற ஜெர்மன் கம்பனி தொடங்கிய வழக்கம். அவர்களுடைய காப்புரிமை முடிந்த பிறகு மற்றவர்களும் அதே வடிவத்தில் செய்கிறார்கள். செர்ரி கணக்கில் சிவப்புக்கு 45 கிராம் அழுத்தம் போதும், வழுக்கிக்கொண்டு இறங்கும். பிரவுனுக்கு 55, நடுவில் சின்னதாக ஒரு தட்டு விரலுக்குத் தெரியும். நீலத்துக்கு 60, டிக்கென்று சத்தமும் வரும். கொழும்பில் ஒரு கடைக்காரர், டைப் அடிக்கிறவர்கள் எல்லாரும் நீலம்தான் எடுப்பார்கள் என்று என் தலையில் கட்டினார். வீட்டில் ராத்திரி ஒரு கோயில் திருவிழா நோட்டீஸ் அடித்தேன். ஒட்டி ஒட்டிக் கட்டின நம் லயத்து வீட்டுச் சுவர் உனக்குத் தெரியாததா? காலையில் அடுத்த காம்பராவிலிருந்து அக்கா வந்து, "ராவெல்லாம் கடல வறுத்தீங்களே, எங்களுக்கு இல்லையா?" என்று கேட்டார். சத்தமாவது பரவாயில்லை, ஒவ்வொரு புள்ளிக்கும் 60 கிராம் என்றால் சுண்டுவிரல் என்னத்துக்கு ஆகும்?

அடுத்து சிவப்பு. விரல் சுகமாக இருந்தது, ஆனால் சும்மா வைத்த விரலுக்கே எழுத்து விழுந்தது. ஒரு அக்காவின் ஈபிஎஃப் (சேமலாப நிதி) கடிதத்தில் புள்ளிக்குப் பக்கத்தில் இன்னொரு புள்ளி. நல்லவேளை, பிரிண்ட் எடுக்குமுன் கண்ணில் பட்டது.

இப்போது வைத்திருப்பது பிரவுன், சுவிட்சைக் கழற்றி மாற்றக்கூடிய ரகம். ஹொட்ஸ்வாப் என்று கேள், கடையில் புரியும். அரைப்புள்ளிக்கும் பி-க்கும் மட்டும் பிரவுனைப் பிடுங்கிவிட்டு 35 கிராம் சுவிட்ச் போட்டிருக்கிறேன். முதல் தடவை அவசரத்தில் செருகி, அடியில் இருக்கிற செப்புக் கால் ஒன்று மடங்கிவிட்டது. அன்று முழுக்கப் புள்ளியே விழவில்லை, 'அப்பா' எல்லாம் 'அபபா' ஆனது. கழற்றிப் பார்த்து, மகளின் புருவம் திருத்தும் சாவணத்தால் நிமிர்த்தினேன். நீ நேராகப் பிடித்து மெதுவாக அமுக்கு.

இன்னொன்று, இவை உயரம். பின்னால் இருக்கிற குட்டிக் கால்களை நிமிர்த்தாதே, மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கும். உன் வலிக்கு அதுவும் காரணமாக இருக்கலாம். நான் பழைய தேயிலைப் பெட்டிப் பலகையில் ஒரு துண்டு அறுத்து, தேய்த்து, முன்னால் வைத்திருக்கிறேன். நிறுத்தி யோசிக்கும்போது உள்ளங்கை அதில் இருக்கும்.

எண் சாவிகள் இல்லாத 87 சாவி ரகத்தில் மவுஸ் பக்கத்தில் வரும், வலது தோளுக்கு நல்லது. ஆனால் மரண உதவிச் சங்கத்துக் கணக்கு இன்னும் உன் கையில்தான் என்றால் 104 சாவி உள்ளதையே எடு. அம்புக்குறி இல்லாத குட்டி ரகத்தின் பக்கமே போகாதே.

வாங்குமுன் ஒரு நாள் இங்கே வந்து, என்னுடையதில் இரண்டு பக்கம் அடித்துப் பார். சிவப்பும் அலமாரியில்தான் கிடக்கிறது. நீலத்தை அக்கா மகன் கொண்டு போய்விட்டான். வரும்போது உங்கள் வீட்டுப் பேரிக்காய் நாலு கொண்டு வா, போன தடவை மாதிரி பழுத்தது வேண்டாம்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்