இந்தக் கேள்வியையும் கேக்கச் சொல்லுங்க: சுகாதாரத்துறைக்கு ஒரு திறந்த மடல்

மக்கள் நல்வாழ்வுத்துறை அதிகாரிகளுக்கு வணக்கம்.

2021ல மக்களைத் தேடி மருத்துவம் ஆரம்பிச்சப்போ சந்தோஷப்பட்டவங்கள்ல நானும் ஒருத்தி. வீட்டுக்கே வந்து பிரஷர் சுகர் பாக்குறாங்க, பிசியோதெரபியும் உண்டு, அதனாலதான் உங்ககிட்ட கேக்குறேன். வீடு வீடா வர்ற பெண் தன்னார்வலர்கள் "இருமினா தும்மினா ஒண்ணுக்கு கசியுதாம்மா, பாத்ரூம் போறதுக்குள்ள வந்துடுதா"ன்னு எல்லா அம்மாக்கள்கிட்டயும் கேக்கணும். கேட்டாத்தான் சொல்லுவாங்க.

எங்கம்மா பல வருஷம் மறைச்சு வெச்சு, போன வாரம்தான் ஒரு டாக்டர்கிட்ட வாயத் திறந்தாங்க. அவர் தலையக்கூட நிமுத்தல. "மூணு புள்ள பெத்தவங்களுக்கு சகஜம்மா, வயசாகுதில்ல"ன்னுட்டு அடுத்த டோக்கன கூப்பிட்டார்.

சகஜம்னா என்னன்னு சொல்றேன். வெளியூர் கல்யாணம்னா முந்தின நாள் சாயங்காலத்தோட தண்ணி கிடையாது. பஸ்ஸ வழியில நிறுத்துற இடத்துல கக்கூஸ் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். ஈரம் தெரியாத அடர் கலர் சேலை, உள்ள ரெண்டு பாவாடை, பழைய வேட்டித் துணிய மடிச்சு வெச்சு அது உரசி உரசி தொடையெல்லாம் புண்ணு, பந்தியில பக்கத்துல உக்காந்தவங்களுக்கு நாத்தம் தெரிஞ்சிடுமோன்னு பாதி சோத்துல எழுந்திரிச்சு வந்திருக்காங்க. தண்ணிய குறைச்சாலாவது நிக்குமான்னா அதுவும் இல்ல, நீர் சுண்டி மூத்திரப் பை எரிச்சலாகி அவசரம்தான் கூடுது.

இத்தனைக்கும் இதுக்கு வைத்தியம் இருக்கு. பிரசவத்துல தளர்ந்த இடுப்பு அடித்தளத் தசைக்கு கீகல்ங்கிற டாக்டர் 1948லயே பயிற்சி எழுதி வெச்சிட்டார். ஒண்ணுக்க அடக்குற மாதிரி உள்ள இழுத்துப் பிடிச்சு விடணும், ஒரு வேளைக்கு எட்டு பத்து தடவை, தினம் மூணு வேளை, குறைஞ்சது மூணு மாசம். பைசா செலவில்ல, ஆனா சரியாத்தான் செய்றாங்களான்னு ஒருத்தர் பாத்து சொல்லித் தரணும். திடீர்னு முட்டிட்டு வர்றவங்களுக்கு பாத்ரூம் போற இடைவெளிய கொஞ்சம் கொஞ்சமா கூட்டுற பயிற்சி, மாத்திரை, கர்ப்பப்பை இறங்கியிருந்தா அதத் தாங்கிப் பிடிக்க உள்ள வைக்கிற ரிங், எதுவும் கேக்கலன்னா ஆபரேஷன். சுகர், யூரின் இன்பெக்ஷன், ஏன் சில பிரஷர் மாத்திரைகூட காரணமா இருக்கலாம். இதெதையும் பாக்காம வயசுன்னு அனுப்பினா எப்படிங்க? கண்புரையும் வயசுலதான் வருது, அதுக்கு கேம்ப் போடலையா?

நாப்கினுக்கு 2018ல ஜிஎஸ்டிய எடுத்தாங்க, பெரியவங்க டயாபருக்கு எடுக்கல, வாங்க முடியாதவங்க வேட்டித் துணியோட கிடக்குறாங்க. பொம்பளைங்க வலின்னாலே எல்லாருக்கும் சகஜம்தான். சரி, வரி உங்க கையில இல்லன்னு தெரியும்.

உங்க கையில இருக்கிறத மட்டும் கேக்குறேன். அந்தக் கேள்விய தன்னார்வலர்கள் கட்டாயமா கேக்கணும், ஆமான்னு சொல்றவங்களுக்கு பிசியோதெரபிஸ்ட் வீட்லயே பயிற்சி சொல்லிக் குடுக்கணும், அதுல சரியாகாதவங்கள மகப்பேறு டாக்டர்கிட்டயோ மூத்திரப் பிரச்சினைகளப் பாக்குற யூராலஜிக்கோ எழுதி அனுப்பணும். தயவுசெஞ்சு இதுக்கு ஒரு உத்தரவு போடுங்க.

இப்படிக்கு,
ஒரு மகள்