கூட்டி வழங்குவது என்றால் என்ன, மகளே?

கர்த்தருக்குள் அன்பான மகளுக்கு,

ஸ்தோத்திரம். உன் கடிதம் கிடைத்தது. ஜெபிக்க உட்கார்ந்தால் மனசு கல்லாக இருக்கிறது, ஞானஸ்நானம் எடுத்த நாளில் இருந்த உருக்கம் இப்போது இல்லை, அப்படியானால் எனக்குள் இருப்பது மெய்யான விசுவாசம்தானா என்று கேட்டிருக்கிறாய். கேள்வி நல்ல கேள்விதான். விடை தேடுகிற இடம்தான் தப்பு. இரண்டு ராத்திரி தூக்கம் கெட்டால் உருக்கம் போய்விடும். மனசுக்குப் பிடித்த பாட்டு ஒன்று காதில் விழுந்தால் திரும்பி வந்துவிடும். அதை வைத்து எதை நிதானிக்க முடியும்? "நான் விசுவாசிக்கிறேன்" என்று வாயால் சொல்வதும் போதாது. பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன என்று யாக்கோபு எழுதி வைத்திருக்கிறார்.

2 பேதுரு முதல் அதிகாரத்தை எடுத்துக்கொள். 5 முதல் 7 வரையுள்ள வசனங்களில் விசுவாசத்தோடு ஏழு குணங்களைக் "கூட்டி வழங்குங்கள்" என்று பேதுரு சொல்கிறார்: தைரியம், ஞானம், இச்சையடக்கம், பொறுமை, தேவபக்தி, சகோதர சிநேகம், அன்பு. நீ கேட்டதற்கு நேரான பதில் 10ஆம் வசனத்தில் இருக்கிறது: "உங்கள் அழைப்பையும் தெரிந்துகொள்ளுதலையும் உறுதியாக்கும்படி ஜாக்கிரதையாயிருங்கள்." அழைத்தவர் தேவன். அந்த அழைப்பு உனக்கு நிச்சயப்படுவது இந்தக் குணங்கள் உன்னிடம் வளர்வதைக் கண்ணால் பார்க்கும்போது.

"கூட்டி வழங்குங்கள்" என்ற சொல்லில் கொஞ்சம் நில். கிரேக்க மூலத்தில் அது 'எபிகொரேகேயோ'. பழைய ஏதென்ஸில் நாடகத்தின் பாடகர் குழுவுக்கு ஆகும் செலவை வசதியான குடிமகன் ஒருவன் தன் தலையில் ஏற்றுக்கொள்வான். உடுப்பு, பயிற்சி எல்லாம் அவன் பணம். அவனுக்குக் கொரேகோஸ் என்று பெயர். அந்த வேரிலிருந்து வந்த சொல் இது. ஆக, இருப்பதில் கொஞ்சம் கிள்ளிக் கொடுக்கச் சொல்லவில்லை, கை தாராளமாகச் செலவழிக்கச் சொல்கிறார். அதே வினைச்சொல் 11ஆம் வசனத்தில் மறுபடியும் வருகிறது. அங்கே வழங்குகிறவர் தேவன்: நித்திய ராஜ்யத்துக்குள் பிரவேசிக்கும் சிலாக்கியம் "பரிபூரணமாய் அளிக்கப்படும்." நம் வேதாகமத்தில் ஓரிடத்தில் 'வழங்குங்கள்', இன்னோரிடத்தில் 'அளிக்கப்படும்' என்று இருப்பதால் இந்தத் தொடர்பு கண்ணில் படுவதில்லை. போதாததற்கு, ஜீவனுக்கும் தேவபக்திக்கும் வேண்டியதெல்லாம் ஏற்கெனவே தரப்பட்டாயிற்று என்று 3ஆம் வசனம் சொல்கிறது. நீ செலவழிப்பது அவர் கொடுத்த பணம். கஞ்சத்தனத்துக்கு என்ன அவசியம்?

'தைரியம்' என்பதையும் வீரம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதே. மூலத்தில் 'அரெட்டே', குணச்சிறப்பு. 3ஆம் வசனத்தில் தேவனைப் பற்றி இதே சொல் வருகிறது. அங்கே நம் மொழிபெயர்ப்பில் 'காருணியம்' என்று இருக்கிறது. பொறுமையிலும் இரண்டு வகை உண்டு. பேதுரு சொல்வது 'ஹுப்போமொனே', பாரத்தின் கீழே ஓடிப்போகாமல் நிற்பது. கலாத்தியர் 5:22இல் வரும் நீடியபொறுமை 'மக்ரோதூமியா', மனுஷரிடம் சீக்கிரம் கோபப்படாமல் இருப்பது. ஒன்று இருந்தால் மற்றதும் இருக்கும் என்று நினைத்துவிடாதே. மாதக்கணக்கில் நோவைத் தாங்குகிறவர், தண்ணீர் கொண்டுவர இரண்டு நிமிஷம் தாமதித்த பிள்ளைமேல் எரிந்து விழுவதும் உண்டு.

இனி நீ செய்ய வேண்டியது. ஏழு குணங்களையும் ஒரே நாளில் கையில் எடுக்காதே. மூன்றாம் நாளே எல்லாம் நழுவிவிடும். ஒன்றை எடு. ஆனால் உனக்குச் சுலபமாக வருவதை எடுக்காதே. சுபாவத்திலேயே சத்தம் போடாதவர்கள் தங்களிடம் சாந்தம் விளைந்திருக்கிறது என்று நம்பிக்கொள்கிறார்கள். சண்டைக்குப் பயந்து வாயை மூடிக்கொள்வதும் வெளியே சாந்தம் போலத்தான் தெரியும். எந்தக் குணம் குறைகிறது என்று கூட வசிக்கிறவர்களுக்குத்தான் தெரியும். அவர்களிடம், "எதைப் பற்றி என்னிடம் பேசத் தயங்குகிறீர்கள்?" என்று கேள். கேட்டுவிட்டு ஒரு வார்த்தைகூட நியாயம் பேசாதே. அந்தப் பதில்தான் நீ தொடங்க வேண்டிய இடம்.

எடுத்த குணத்தை நேரமும் இடமும் சேர்த்த ஒரு செயலாக எழுதிக்கொள். "இச்சையடக்கமாக இருப்பேன்" என்று எழுதினால் சாயங்காலம் சரிபார்க்க ஒன்றும் இருக்காது. "எரிச்சலூட்டும் செய்தி போனில் வந்தால் பதிலை எழுதி வைத்து, 30 நிமிஷம் கழித்து வாசித்துப் பார்த்துத்தான் அனுப்புவேன்" என்று எழுது. அந்த 30 நிமிஷத்துக்குப் பிறகு என்ன நடக்கிறது பார். "நான் ஏற்கெனவே சொன்னேனே, அறிக்கை வெள்ளிக்கிழமைதான் வரும்" என்று எழுதியிருப்பாய். அதில் 'அறிக்கை வெள்ளிக்கிழமை வரும்' என்பது மட்டும்தான் தகவல். 'ஏற்கெனவே சொன்னேனே' குத்துவதற்காக வந்து உட்கார்ந்தது. அதை எடுத்துவிட்டு அனுப்பு. இச்சையடக்கம் என்பது பல நாள் இந்த அளவுக்குச் சின்ன வேலைதான்.

விடுவதோடு நிறுத்தினால் பழைய பழக்கம் திரும்பி வரும். எபேசியர் 4:28இல் திருடனுக்குச் சொல்லியிருப்பதைப் பார்: திருடாதிருக்க வேண்டும், கைகளால் நலமான வேலை செய்ய வேண்டும், குறைச்சலுள்ளவனுக்குக் கொடுக்கத் தன்னிடம் ஏதாவது வைத்திருக்க வேண்டும். எடுத்த கை கொடுக்கும்வரை வேலை முடியவில்லை. இயேசு சொன்னதில், கூட்டிப் பெருக்கி வெறுமையாக விட்ட வீட்டுக்குள் அசுத்த ஆவி ஏழு பேரைக் கூட்டிக்கொண்டு திரும்பியதும் இதே காரணத்தால்தான். ஆகவே குத்தலை வெட்டிய இடத்தில் ஒரு நல்ல வார்த்தையை வை. செய்தி அனுப்பியவர் செய்த வேலையில் மெய்யாகவே நன்றாக இருந்த ஒன்றைச் சொல். பொய்யாகப் புகழாதே, அது வேறொரு பாவம்.

ராத்திரி ஒரே ஒரு வரி எழுது, அதற்கு மேல் வேண்டாம். செய்தேன், செய்யவில்லை, எந்த நேரத்தில் தவறினேன், அவ்வளவு. நான்கு வாரம் போனதும் புரட்டிப் பார்த்தால் தவறுகள் ஒரு ஒழுங்கில் விழுந்திருக்கும்: பசித்த நேரம், ஒரு குறிப்பிட்ட ஆள், அல்லது பாராட்டு கிடைக்காத நாள். காரணம் தெரிந்த பிறகுதான் ஜெபமும் குறிபார்த்துப் போகும். அதன்பின் அந்த நோட்டைத் தூக்கி எறிந்துவிடு. வருஷக்கணக்கில் வைத்திருந்தால் பெருமையோ சோர்வோ, இரண்டில் ஒன்று கட்டாயம் வரும்.

தவறின பிறகு என்ன செய்கிறாய் என்பதைத்தான் நான் அதிகம் பார்ப்பேன். மன்னிப்புக் கேட்கிறதில் பெரும்பாலும் ஒரு தந்திரம் ஒளிந்திருக்கும். "உங்களுக்கு வருத்தமாக இருந்திருந்தால் மன்னியுங்கள்" என்று சொன்னால் குற்றம் கேட்கிறவருடைய மனசின்மேல் ஏறிவிடும். "தாமதம் உங்களால் வந்ததாக நேற்று எல்லார் முன்பும் சொன்னேன். அது பொய். தாமதம் என்னால்தான்" என்று செயலைப் பெயர் சொல்லிச் சொல். எல்லார் முன்பும் சொன்ன பொய் என்றால், திருத்தத்தையும் எல்லார் முன்பும் சொல்.

பணமோ பொருளோ என்றால் லேவியராகமம் 6ஆம் அதிகாரம் கணக்கே போட்டுக் கொடுக்கிறது: முதலும், அதன்மேல் ஐந்தில் ஒரு பங்கும். ஏமாற்றி எடுத்தது 100 என்றால் திருப்பித் தருவது 120. குற்றநிவாரண பலி கொண்டுவருகிற அதே நாளில் அது உரியவன் கைக்குப் போய்ச் சேர வேண்டும். வரிவசூல்காரனான சகேயு, இயேசு தன் வீட்டுக்கு வந்தபோது, அதையும் தாண்டி நாலத்தனை தருகிறேன் என்றான். அவனை ஒருவரும் கேட்கவில்லை. இரட்சிப்பு வந்த வீட்டில் பணப்பை தானாகத் திறந்தது. கொடுத்ததனால் வந்த இரட்சிப்பு என்று தலைகீழாக மட்டும் வாசித்துவிடாதே.

உன்னை அளந்து பார்க்க ஆசையாக இருந்தால் இதை அள: தப்பு செய்ததற்கும் போய்ச் சரிசெய்ததற்கும் நடுவே எத்தனை நாள்? போன வருஷம் மூன்று வாரம் முறுக்கிக்கொண்டு இருந்தவள் இப்போது மறுநாள் காலையில் போகிறாள் என்றால், உயிருள்ள ஒன்று உள்ளே வளர்கிறது. சூரியன் அஸ்தமிப்பதற்கு முன் என்பது கோபத்துக்குப் பவுல் வைத்த எல்லை. அங்கே போய்ச் சேர நாளாகலாம்.

இதிலெல்லாம் பெரிய ஆபத்து, கனியைப் பிடுங்கி வேரில் கட்டுவது. குணம் வளர்ந்தால் தேவன் என்னை ஏற்றுக்கொள்வார் என்று நினைத்த நிமிஷமே எல்லாம் கசந்துபோகும். 9ஆம் வசனத்தில் பேதுரு சொல்கிற காரணத்தைக் கவனி. இந்தக் குணங்கள் இல்லாதவனை முயற்சி போதாதவன் என்று அவர் சொல்லவில்லை. தன் முந்தின பாவங்கள் நீங்கச் சுத்திகரிக்கப்பட்டதை மறந்தவன் என்கிறார். வியாதி மறதி. அதனால் மருந்தும் ஞாபகத்திலிருந்துதான் தொடங்கும். ராத்திரி அந்த ஒரு வரியை எழுதுவதற்கு முன், மன்னிக்கப்பட்ட ஒரு பாவத்தைப் பெயர் சொல்லி நன்றி சொல். மனசு கல்லாக இருந்தாலும் சொல். திருவிருந்துக்குப் போகாமல் இருந்துவிடாதே; அந்த அப்பமும் பாத்திரமும் ஞாபகப்படுத்துவதற்கென்றே கொடுக்கப்பட்டவை.

லூக்கா 13இல் அந்த அத்திமரம் மூன்று வருஷம் கனி கொடுக்கவில்லை. தோட்டக்காரன் மரத்தோடு வாதாடவில்லை, சுற்றிலும் கொத்தி எருப்போட இன்னும் ஒரு வருஷம் கேட்டான். கொத்தும்போது வேருக்கு வலிக்கும் என்று நினைக்கிறேன். உன் கல் போன்ற இந்த மாதங்கள் அந்த வேலையாகவும் இருக்கலாம்.

அடுத்த முறை பேசும்போது ஜெபத்தில் அழுதாயா என்று கேட்க மாட்டேன். கூட இருக்கிறவர்கள் என்ன பதில் சொன்னார்கள், எதை எடுத்துக்கொண்டாய், இந்த இரண்டை மட்டும் சொல். கூட வேலை செய்கிறவரைப் பற்றிப் போன கடிதத்தில் எழுதியிருந்தாயே, அதில் உன் பங்கு ஏதாவது இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்கு முன் பேசி முடி. காணிக்கையைப் பலிபீடத்தண்டையில் வைத்துவிட்டு, முதலில் சகோதரனோடு ஒப்புரவாகப் போகச் சொன்ன இயேசு, திரும்பி வரவும் சொல்லியிருக்கிறார்.

உன் அப்பா