காயல் வேறு, கயல் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் ஊர்ப்பெயர்ப் பகுதியில், பாண்டியரின் மீன் சின்னத்தால் 'கயல்பட்டினம்' என்று வழங்கிய ஊரே பிறகு காயல்பட்டினம் ஆயிற்று என்று அச்சாகியிருக்கிறது. அங்கயற்கண்ணி ஆளும் மதுரையில் கயல் என்றதும் மனம் மீனிடம் போவது இயல்புதான். ஆனாலும் அது பிழை.

பிழை எங்கே நுழைகிறது என்றால், ஆங்கில எழுத்தில். அதில் 'க'வும் 'கா'வும் ஒன்றுபோலவே எழுதப்படுகின்றன. அதைப் பார்த்துத் தமிழில் எழுதும்போது நெடில் குறிலாகிவிடுகிறது. பிறகு அந்தக் குறிலுக்கு ஒரு கதை பிறக்கிறது.

மதுரையிலிருந்து தூத்துக்குடி வழியாகத் திருச்செந்தூர் போகிறவர்கள் பழையகாயலைத் தாண்டி, முக்காணியில் தாமிரபரணிப் பாலத்தைக் கடந்து, ஆத்தூர், ஆறுமுகநேரி வழியாகக் காயல்பட்டினத்தைத் தொடுவார்கள். ஆறு கடலில் விழும் இடத்தில் புன்னைக்காயல். ஒரே முகத்துவாரத்தைச் சுற்றி மூன்று காயல்கள். மீன் சின்னத்தால் வந்த பெயரென்றால், பாண்டியரின் தலைநகரை விட்டுவிட்டு இங்கே மட்டும் மூன்று ஊர்களில் ஏன் ஒட்டிக்கொள்ள வேண்டும்?

காயல் என்பது கடலோரத்துக் கழி. வடகிழக்குப் பருவமழை வெள்ளம் வண்டலை அள்ளிவந்து முகத்துவாரத்தில் கொட்டும். அலை அதைத் திருப்பித் தள்ள, மணல்திட்டு எழும். திட்டுக்கு உள்ளே தேங்கி நிற்கும் உவர்நீர்தான் காயல். வெளியே கடல் கொந்தளித்தாலும் உள்ளே அலை அடங்கியிருக்கும் என்பதால் தோணிகளுக்கு நல்ல ஒதுங்குமிடம். கேரளத்தில் வேம்பநாட்டுக் காயல், அஷ்டமுடிக் காயல் என்று இன்றைக்கும் இதே சொல்தான். ஆனால் துறையை உண்டாக்கிய வண்டலே அதைத் தூர்க்கவும் செய்யும். ஆழம் குறைந்து தோணி தரைதட்டத் தொடங்கியதும் வணிகம் கடலை நோக்கி நகரும். முத்துக்குப் பேர்போன கொற்கை அப்படித்தான் இன்று கடலைவிட்டுச் சில கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது.

இலக்கணமும் இதையே சொல்கிறது. கயல்விழி, கயற்கண்ணி என்று எந்தச் சேர்க்கையிலும் கயலின் முதலெழுத்து நீள்வதில்லை. பிறநாட்டார் எழுத்திலும் இந்தப் பெயர் இருக்கிறது: 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்கோ போலோ இந்தத் துறையைக் 'காயில்' என்றும், போர்ச்சுக்கீசியர் 'காயெல்' என்றும் குறித்தார்கள். ஹோர்முஸ், ஏடன் பக்கமிருந்து குதிரைகள் வந்திறங்கிய துறை அது. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் ஒரு குதிரைக்கு 220 தினார் என்று விலையே குறித்திருக்கிறார். மதுரைப் பாண்டியரின் கருவூலம் எவ்வளவு கரைந்திருக்கும்!

மார்கோ போலோ சொன்னது இன்றைய காயல்பட்டினத்தையே என்று உறுதியாக எழுதியிருப்பதையும் திருத்த வேண்டும். கால்டுவெல் நேரில் ஆராய்ந்து, மண்ணில் சீனப் பீங்கான் சில்லுகளையும் கண்டு, அது பழையகாயல்தான் என்று முடிவு கட்டினார். 1881இல் வெளியான அவரது திருநெல்வேலி வரலாற்றிலும் காயல் பற்றி விரிவாக இருக்கிறது. குறைந்தபட்சம் இந்தக் கருத்து இருப்பதையாவது கட்டுரை குறிப்பிட்டிருக்க வேண்டும்.

இன்னொன்று. கட்டுரையின் தலைப்பில் 'பட்டினம்', உள்ளே இரண்டு இடங்களில் 'பட்டணம்'. நெய்தல் நிலத்து ஊருக்குப் பட்டினம் என்பதே பழைய வழக்கு: காவிரிப்பூம்பட்டினம், நாகப்பட்டினம், குலசேகரன்பட்டினம், நம் பக்கத்துத் தேவிபட்டினம். பட்டணம் பெருநகருக்கான பொதுச்சொல். மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் சென்னைக்குப் போவதைப் 'பட்டணத்துக்குப் போறது' என்பார்கள். நகராட்சியின் பெயரும் காயல்பட்டினம்தான்.

பள்ளிப் பிள்ளைகள் இந்தப் பகுதியை வெட்டி ஒட்டி வைக்கிறார்கள். ஆகவே திருத்தத்தை ஆசிரியர் கடிதப் பக்கத்தோடு நிறுத்தாமல், ஊர்ப்பெயர்ப் பகுதியிலேயே கட்டமிட்டு வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோ. புதூர், மதுரை