தம்மம்பட்டிக்கும் வழிகாட்டுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் சேலத்துக்கு வரும் வெளியூர் வண்டிகள் பெரும்பாலும் ஏற்காட்டு மலைப்பாதையில்தான் ஏறுகின்றன. அதில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் இதே மாவட்டத்தில், ஒருபுறம் கொல்லிமலையும் மறுபுறம் பச்சைமலையும் நிற்க, இடையே சுவேத நதி ஓடும் பள்ளத்தாக்கில், மரச்சிற்பத்துக்குப் பேர்போன தம்மம்பட்டி இருப்பதை அவர்களிடம் யார் சொல்கிறார்கள்? சேலம் நகரிலேயே நாற்பது ஆண்டுகளாகக் குடியிருக்கும் நான் சென்ற மாதம்தான் அங்கே போனேன். இத்தனை நாள் போகாமல் இருந்தது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

ஆத்தூரைத் தாண்டிய பிறகு மரவள்ளிக் காடுகளும் பாக்குத் தோப்புகளுமாக மலையை நெருங்கிச் செல்லும் அந்தப் பாதையே கண்ணுக்கு விருந்து. ஊருக்குள் இறங்கியதும்தான் சிரமம் தொடங்கியது. சிற்பக் கூடங்கள் எந்தத் தெருவில் இருக்கின்றன என்று காட்டும் பலகை எதையும் நான் காணவில்லை. இரண்டு கடைகளில் விசாரித்து, உளிச் சத்தம் கேட்ட திசையில் நடந்துதான் ஒரு பட்டறையைக் கண்டுபிடித்தேன்.

அங்கே ஒரு பெரியவர் வாகை மரத்தில் மயில் வாகனம் ஒன்றுக்குத் தோகை செதுக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தோகைக் கண்ணையும் விரல் நுனியால் தடவிப் பார்த்துவிட்டு, கொட்டாப்புளியை ஓங்காமல் உளியின் தலையில் பட்டும் படாமலும் தட்டினார். தட்டுக்கு ஒன்றாக நகக்கீற்று அளவே உள்ள சீவல் சுருண்டு விழுந்தது. மரத்தின் ரேகை ஓடும் போக்கில் உளி போக வேண்டும், எதிர்த்துப் போனால் சிலாம்பு எழும்பிவிடும் என்றார். தெய்வ உருவமானால் முகத்தின் நீளத்தையே ஒரு தாலமாக வைத்துக்கொண்டு உடல் முழுவதையும் அளந்து கோடு போடுவார்களாம். கண் திறப்பது கடைசி வேலையாம். நான் நின்றிருந்த ஒரு மணி நேரத்தில் முடிந்தது மூன்று தோகைக் கண்கள் மட்டுமே. அதைப் பார்த்த பிறகு விலையைக் குறைத்துக் கேட்க எனக்கு நா எழவில்லை.

தம்மம்பட்டி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பது நமக்கெல்லாம் பெருமைதான். ஆயினும் 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அந்தக் குறியீட்டைத் தம் பொருளில் பயன்படுத்த விரும்பும் கைவினைஞர் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனியே பதிவு செய்துகொள்ள வேண்டும். பட்டறையை விட்டு நகர முடியாதவர்களுக்கு அந்தப் பதிவை ஊரிலேயே முகாம் நடத்திச் செய்து கொடுக்கலாம். ஆனால், இயந்திரத்தில் கடைந்த உருவத்துக்கும் கையால் செதுக்கிய உருவத்துக்கும் உள்ள வேறுபாட்டை, வாங்குகிறவர் வேலை நடக்கும் இடத்தில் நின்று பார்த்தால்தான் முழுமையாக உணர முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆகவே மாவட்ட நிர்வாகத்தையும் சுற்றுலாத் துறையையும் நான் கேட்டுக்கொள்வது இதுதான். ஆத்தூர் பேருந்து நிலையத்திலும் தம்மம்பட்டியிலும் வழிகாட்டிப் பலகைகள் வைக்க வேண்டும். பார்வையாளரை அனுமதிக்க இசையும் பட்டறைகளின் பட்டியலை வெளியிட்டு, கோடை மாதங்களின் ஞாயிற்றுக்கிழமைகளில் சேலத்திலிருந்து காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பும் பேருந்து ஒன்றை இயக்கினால், ஏற்காட்டில் தங்கியிருப்பவர்கள்கூட மலையிறங்கி வந்து ஒரு நாளை அந்தப் பள்ளத்தாக்கில் கழிப்பார்கள். அவர்கள் வருவதற்குள் ஆற்றங்கரையில் நான் கண்ட நெகிழிக் குப்பையை அகற்றிவிட்டு, அதே கரையில் வாகைக் கன்றுகளை நட்டால் ஆற்றுக்கும் நல்லது, பின்னாளில் சிற்பிகளுக்கும் மரம் கிடைக்கும்.

ஏற்காடு கோடை விழாவுக்கான ஏற்பாடுகள் தொடங்கும்போதே, தம்மம்பட்டிச் சிற்பிகள் சிலரை விழாத் திடலில் அமர்ந்து செதுக்கிக் காட்ட அழைத்து, அவர்களுக்கு உரிய நாள்கூலியையும் நிர்வாகமே வழங்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
அஸ்தம்பட்டி, சேலம்.