கடல் விலகிப்போன கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்

தாமிரபரணிக் கரை முதல் மன்னார் வளைகுடாக் கரை வரையுள்ள தொன்மையிடங்களைப் பராமரிக்கும் அலுவலர் பெருமக்களுக்கு,

வணக்கம். சென்ற கோடை விடுமுறையில் பேரனையும் பேத்தியையும் அழைத்துக்கொண்டு, பாளையங்கோட்டையிலிருந்து ஆதிச்சநல்லூருக்கும் கொற்கைக்கும் ஒரே நாளில் போய்வந்தேன். அந்தப் பயணத்தின் பேரில் உங்களிடம் ஒரு விண்ணப்பம் வைக்கிறேன்.

ஆதிச்சநல்லூரில் 2023 ஆகஸ்டில் திறக்கப்பட்ட தள அருங்காட்சியகத்தை முதலில் பாராட்டிவிட வேண்டும். இறந்தோரைப் புதைத்த தாழிகளை அகழ்ந்த குழியிலேயே விட்டுவைத்து, மேலே கண்ணாடித் தளம் அமைத்து, அதன்மீது நின்றபடி பார்க்கச் செய்திருப்பது நல்ல ஏற்பாடு. ஆறு வயதுப் பேத்தி கண்ணாடியில் மண்டியிட்டு, மூக்கை அதில் ஒட்டவைத்துக்கொண்டு, "தாத்தா, இந்தப் பானைக்குள்ள யாரும் இருக்காவளா?" என்று கேட்டாள். 1876இல் இங்கே தோண்டிய ஜெர்மானியர் யாகோர் கண்டெடுத்தவற்றை பெர்லினுக்குக் கொண்டுபோனதையும், 1899 முதல் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ எடுத்த பொன் நெற்றிப்பட்டங்கள் சென்னைக்குப் போனதையும் அவளுக்குச் சொன்னேன். போனவற்றைத் திரும்பக் கேட்பது பெரியவர்கள் பாடு. அந்த நெற்றிப்பட்டத்தின் நகல் ஒன்றைப் பிள்ளைகள் நெற்றியில் வைத்துப் பார்க்கக் கொடுத்தால் அதுவே போதும்.

எங்களுக்குச் சிக்கல் வந்தது கொற்கையில். பாண்டியரின் துறைமுகம், முத்துக்குப் பேர்போன ஊர், கிரேக்க மாலுமி எழுதிய பெரிப்ளூஸ் என்னும் கடற்பயணக் குறிப்பிலும் இடம்பெற்ற ஊர் என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தேன். இறங்கியதும் பேரன் வயலையும் வாழையையும் குளத்தையும் சுற்றிப் பார்த்துவிட்டு, "கடல எங்க?" என்றான். கடல் இன்று ஆறேழு கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது. தாமிரபரணி ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல் முகத்துவாரத்தைத் தூர்க்கத் தூர்க்க, கரை கிழக்கே நகர்ந்தது. துறைமுகமும் கொற்கையை விட்டுப் பழையகாயலுக்குப் போனது, மார்க்கோ போலோ 'காயல்' என்று எழுதிவைத்தது அதைத்தான். இப்போது ஆறு கடலில் கலப்பதோ புன்னைக்காயலில். இந்த மூன்று ஊர்களையும் ஒரு தாளில் புள்ளியாக வைத்துக் கோடிழுத்துக் காட்டியதும் பையனுக்குப் பிடிபட்டுவிட்டது. 1968–69 அகழாய்வில் கிடைத்த கரித்துண்டின் காலம் ஏறத்தாழ கி.மு. 785 என்று கணிக்கப்பட்டதையும், பக்கத்து ஊரான அக்கசாலையின் பெயரே நாணயச் சாலையைக் குறிப்பதையும் அதன்பிறகுதான் அவன் காதுகொடுத்துக் கேட்டான்.

ஆகவே என் விண்ணப்பம் இதுதான்: கொற்கைக் குளக்கரையில், எட்டு வயதுப் பிள்ளையின் கண்மட்டத்தில், கடல் அன்று எங்கே இருந்தது, இன்று எங்கே இருக்கிறது என்று காட்டும் படப்பலகை ஒன்று வேண்டும். பெயர் சொல்ல விரும்பாத வேறோர் இடத்தில், பலகை என் தலைக்கு மேலே இருந்தது; 'ஈமச்சின்னம்', 'மண்ணடுக்கு' என்று அதிலிருந்த சொற்களுக்குப் பிள்ளைகளிடம் பொருள் சொல்லியே களைத்தேன். அங்கே கட்டுச்சோற்றைப் பிரிக்க நிழலும் இல்லை, கைகழுவக் குழாயும் இல்லை.

புரட்டாசிச் சனிக்கிழமைகளில் நவதிருப்பதிக்குச் சிறப்புப் பேருந்து விடுகிறார்கள். பாட்டிமார்கள் ஒன்பது கோயிலையும் பார்த்துவிட்டு இரவுக்குள் வீடு திரும்புகிறார்கள். அதே முறையில் பள்ளி விடுமுறை ஞாயிறுகளில் ஆதிச்சநல்லூர், கொற்கை, பழையகாயல், புன்னைக்காயல் என்று ஆற்றோடு போகும் பேருந்து ஒன்றை விடலாம். நேரம் மிஞ்சினால் மணப்பாடும் சேரட்டும். 1542இல் இக்கரைக்கு வந்த சவேரியாரின் குகையும் மணல்மேட்டுத் தேவாலயமும் பிள்ளைகளுக்குச் சலிக்காது. பாஞ்சாலங்குறிச்சியையும் எட்டயபுரத்தையும் இதில் திணிக்க வேண்டாம். அவை இன்னொரு நாளுக்குரியவை.

பலகைக்கான வாசகத்தை எழுதித் தரவும், முதல் பேருந்தில் பிள்ளைகளோடு வந்து கதை சொல்லவும் ஓய்வுபெற்ற ஆசிரியனான நான் ஊதியமின்றி ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டைத் தாத்தா ஒருவர்