96 டன்னை யூனிட்டில் சொல்

டர்பன்

அன்பு மகளுக்கு,

உங்கள் ஃபிளாட் வாசலில் ஒட்டப்போகும் அறிவிப்பைப் படித்தேன். "நம் கட்டடத்து மின்சாரத்தால் ஆண்டுக்கு 96 டன் கார்பன்" என்று போட்டிருக்கிறாய். லிஃப்டுக்குக் காத்து நிற்கிறவருக்கு அது அதிகமா குறைவா என்று எப்படித் தெரியும்? 24 வீட்டால் வகு, பிறகு 365 நாளால் வகு. வீட்டுக்கு ஒரு நாளைக்கு 11 கிலோ.

அந்த 11 கிலோவை மீட்டரிலேயே காட்டிவிடலாம். தென்னாப்பிரிக்க அரசு மின் நிறுவனமான எஸ்காமின் மின்சாரத்தில் எண்பது சதவீதத்துக்கு மேல் நிலக்கரியில் வருகிறது. அதனால் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கரியமில வாயு. 11 கிலோ என்றால் 11 யூனிட். முன்பணம் கட்டி வாங்கிய டோக்கன் எண்ணை மீட்டரில் அடிக்கிற எவருக்கும் யூனிட் தெரியும்.

அடுத்து கீசரைச் சொல். 150 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 60-க்குக் கொண்டுபோக 7 யூனிட் வேண்டும், அதாவது 7 கிலோ. யாரும் குழாயைத் திறக்காவிட்டாலும் சூடு கசிந்து ஒரு நாளில் சுமார் 2 யூனிட் போய்விடும். கீசருக்குப் போர்வை போடச் சொல்ல இதுவே இடம். தெர்மோஸ்டாட்டை 60-க்குக் கீழே இறக்கச் சொல்லாதே. வெதுவெதுப்பான தண்ணீரில் லீஜனெல்லா கிருமி வளரும். கெட்டில் நிறைய, 1.7 லிட்டர் கொதிக்கவைத்தால் 170 கிராம்தான். கீசரை விட்டுவிட்டுக் கெட்டிலைப் பற்றி எழுதுவது வீண்.

"ஒரு யூனிட்டுக்கு எரியும் அரை கிலோ நிலக்கரியில் ஒரு கிலோ வாயு எப்படி?" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். எரியும்போது கார்பனோடு காற்றிலுள்ள ஆக்சிஜன் சேர்கிறது. 12 பங்கு கார்பன் 44 பங்கு வாயுவாகிறது. சுமார் முக்கால் கிலோ எடையுள்ள ஒரு லிட்டர் பெட்ரோலின் கணக்கும் இப்படித்தான்: லிட்டருக்கு 2.3 கிலோ. டீசலுக்கு 2.7. லிட்டருக்கு 14 கிலோமீட்டர் ஓடும் கார் உங்கள் ஊரிலிருந்து 560 கிலோமீட்டர் ஓடி டர்பனுக்கு வந்துசேர ஏறக்குறைய 40 லிட்டர் குடிக்கும், 92 கிலோ. நாலு பேர் வந்தால் ஆளுக்கு 23.

அதனால்தான் "96 டன் கார்பன்" என்று எழுதாதே என்கிறேன். விவரம் தெரிந்தவர் அதை வெறும் கார்பன் எடை என்று நினைத்து, 3.67-ஆல் (44-ஐ 12-ஆல் வகுத்தது) பெருக்கி 352 டன் என்று எடுத்துக்கொள்வார். "கரியமில வாயு" என்று முழுதாக எழுது.

இன்னொரு இடத்தில் பலர் சறுக்குகிறார்கள். இணையத்தில் கிடைக்கும் பிரிட்டிஷ் கணிப்பானில் உங்கள் யூனிட்டைப் போட்டால், விடை ஐந்தில் ஒரு பங்குதான் வரும். அங்கே காற்றாலை, அணு, எரிவாயு மின்சாரம். யூனிட்டுக்குச் சுமார் 200 கிராம். எந்த நாட்டு எண், எந்த ஆண்டு எண் என்பதை அறிவிப்பின் அடியில் ஒரு வரியில் போடு.

"இத்தனை மரம் நட்டதற்குச் சமம்" என்ற வரியை எடுத்துவிடு. கன்று எவ்வளவு வாயுவை இழுக்கும் என்பது இனத்தையும் மழையையும் வயதையும் பொறுத்தது. பல வருஷம் ஆகும். கீசரால் வந்த வாயு இன்றைக்கே காற்றில் கலந்துவிட்டது.

ஒட்டுவதற்கு முன் கட்டடத்தின் 12 மாத பில்லை எடுத்து யூனிட்டைக் கூட்டிப் பார். 96,000-க்குப் பக்கத்தில் வரவேண்டும். மிகவும் குறைந்தால் லிஃப்ட், நடைபாதை விளக்கு, தண்ணீர் பம்பு ஆகியவற்றுக்கான தனி மீட்டர் விட்டுப்போயிருக்கும். அதையும் சேர்த்துக் கூட்டி எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அப்பா